ஏழு ஒன்றுகள்

அந்த அச்சகத்தில் பதினெட்டு வருடமாகப் பிழை திருத்துகிறவளைக் கமா அக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். ஒருநாள் பள்ளிக் கணக்குப் புத்தகம் ஒன்றின் அச்சுப்படி அவள் மேசைக்கு வந்தது. 1111111 ஒரு பகா எண், ஒன்றையும் அந்த எண்ணையும் தவிர வேறெதாலும் மீதியின்றி வகுபடாது என்று அதில் போட்டிருந்தது.

அவளுக்கு ஏனோ நம்பிக்கை வரவில்லை. எழுதிய பேராசிரியருக்கு போன் போட்டாள்.

"நீங்க எழுத்துப்பிழையை மட்டும் பாருங்கம்மா. கணக்கு எனக்குத் தெரியும்" என்று வெடுக்கென்று வைத்துவிட்டார்.

அவளுக்குச் சுருக்கென்றது. சாப்பாட்டு டப்பாவைக்கூடத் திறக்காமல், கழிவுத் தாள்களின் பின்பக்கத்தில் 2, 3, 5, 7 என்று பகா எண்களாக எடுத்து வகுத்துக்கொண்டே போனாள். ஐம்பத்தொரு எண்கள் கைவிரித்தன. அடுத்து வந்த 239 மிச்சமில்லாமல் வகுத்தது, ஈவு 4649.

மறுநாள் நேரில் வந்த பேராசிரியர் அந்தத் தாளைப் பார்த்து முகம் சுளித்தார். "இதை யாரு உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தா?"

"வகுத்தல் எல்லாருக்கும்தான் சொல்லிக்கொடுத்தாங்க சார். நீங்க போட்டுப் பார்க்கல. தப்பான பக்கத்துல நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

அவள் கையெழுத்தில்லாமல் எதுவும் அச்சேறாது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு வரியைத் திருத்தினார்.

அடுத்த வாரம் முன்னுரை வந்தது. 'தற்செயலாக ஒரு பிழையைக் கவனித்த அச்சக ஊழியருக்கு நன்றி' என்றிருந்தது.

"தற்செயலாவா? ஐம்பத்திரண்டு தடவை வகுத்தேன்யா, பட்டினியா!" என்று அச்சகமே திரும்பிப் பார்க்கக் கத்தினாள். பிறகு அந்த ஒரு சொல்லைச் சிவப்பு மையால் அழுத்தி அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.