ஒரே பெட்டிக்குள்

என் சான்றிதழ்கள் முதலாளியின் பீரோவில் இருந்தன. வேலைக்குச் சேரும்போது அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வது அந்த மாதிரிச் சின்ன அலுவலகங்களின் வழக்கம். நானும் யோசிக்காமல் கொடுத்திருந்தேன். சென்னையில் வேறு வேலை கிடைத்தபோதுதான் உறைத்தது. அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமை அவற்றோடு வந்து சேரச் சொல்லி எழுதியிருந்தார்கள்.

"தாராளமா போ பாப்பா," என்றார் முதலாளி. "நீ இல்லாம சர்வர் ஓடுதுன்னு காட்டிட்டுப் போ."

அந்தச் சமயம் பழைய சர்வர்களையெல்லாம் ஒரே பெரிய கணினிக்குள் விர்ச்சுவல் மெஷின்களாக மாற்றிக்கொண்டிருந்தோம். வெளியே ஒரு பெட்டி. உள்ளே தனித்தனிக் கணினிகள் போல நடந்துகொள்ளும் பல. அவற்றைப் பிரித்து ஓட்டும் ஹைப்பர்வைசர் என்ற மென்பொருளைத் தேர்வு செய்வது என் பொறுப்பு. இரண்டு இருந்தன. முதலாவது இலவசம், வேகம், கறுப்புத் திரையில் கட்டளை தட்டினால் எதையும் செய்யும். எனக்கு அதுதான் பிடித்திருந்தது. இரண்டாவது காசு கேட்டது, மெதுவாக எழுந்தது. ஆனால் கன்ஸோல் என்று ஒரு ஜன்னல் இருந்தது. அதில் மெஷின்கள் வரிசையாகத் தெரியும், மௌஸால் தொட்டு அணைக்கலாம், எழுப்பலாம். முதலாவதை எடுத்தால் அந்த அலுவலகத்தில் அதை ஓட்ட நான் ஒருத்திதான். இரண்டாவதைச் சிபாரிசு செய்தேன். அறிக்கையில் காரணங்களை எண் போட்டு எழுதினேன். இந்தக் காரணத்துக்கு மட்டும் எண் இல்லை.

கன்ஸோலுக்குத் தனிக் கணினி கேட்டேன்.

"அதயும் உள்ளயே போடு. எல்லாம் ஒரே பெட்டி. வுவாலா!" என்றார் முதலாளி. எங்கள் ஊரில் பலரைப் போல அவரும் பிரெஞ்சுக் குடியுரிமைக்காரர், 'இதோ ஆச்சு' என்னும் அந்தச் சொல் வந்துவிட்டால் பேச்சு முடிந்தது என்று பொருள். கன்ஸோலும் இன்னொரு விர்ச்சுவல் மெஷினாகப் பெட்டிக்குள் போனது.

கணக்கு பார்க்கும் அக்காவுக்குச் சொல்லிக்கொடுத்தேன். "ஏம்மா, டிவி ரிமோட்டயே புள்ளைங்கள கேட்டுத்தான் அமுக்கறன்," என்றார். ஆனாலும் சீக்கிரம் பிடித்துக்கொண்டார்.

நான் சென்னையில் சேர வேண்டிய திங்களுக்கு முந்தின சனிக்கிழமை சோதனை. டவுனில் மதியம் கடைகளெல்லாம் ஷட்டரை இறக்கிவிட்டுச் சாப்பிட்டுத் தூங்கப் போய்விடும். எங்கள் அலுவலகமும் அப்படித்தான். மெஷின்களை நிறுத்த அதுதான் தோதான நேரம். அக்கா தனியாக நிறுத்தி மறுபடி எழுப்ப வேண்டும். நான் உழவர்கரையில் வீட்டில் இருக்க வேண்டும். சோற்றில் ரசம் ஊற்றும்போது கைப்பேசி அடித்தது.

"ஜன்னலக் காணோம்மா."

"என்னக்கா பண்ணீங்க?"

"நீ சொன்ன மாதிரிதான் ஒன்னொன்னா அணைச்சன். கடசியா ஒன்னு எரிஞ்சிக்கிட்டே இருந்துது. அதயும் அணைச்சிட்டன்."

"கன்ஸோலத் தொடாதீங்கன்னு சொன்னேனே அக்கா."

"சொன்னதான். ஆளில்லாத எடத்துல ஒன்ன எரிய வுட்டுட்டு எப்டிம்மா போறது?"

தினமும் ஷட்டர் இறங்குமுன் ஒவ்வொரு ஸ்விட்சாகத் தடவிப் பார்த்து அணைப்பவர் அவர். அந்தக் கை ஒன்றை மட்டும் விட்டு வைக்காது என்று எனக்குத் தோன்றியிருக்கவில்லை. பெட்டியை ஆளும் ஜன்னல் பெட்டிக்குள்ளேயே அணைந்து கிடந்தது. அதை எழுப்பும் கட்டளை எனக்கு மட்டும்தான் தெரியும்.

பஸ் பிடித்துப் போனேன். முதலாளியும் வந்திருந்தார். கட்டளையைத் தட்டியதும் ஜன்னல் வந்தது. பிறகு மெஷின்கள் ஒவ்வொன்றாக எழுந்தன. ஒவ்வொன்றுக்கும் அவர் முகம் மலர்ந்தது.

"பாத்தியா, நீ கை வச்சதும் எழுந்துடுச்சி. உன்ன எப்டி வுடறது?" நிஜமாகவே பாராட்டினார்.

"கன்ஸோல வெளிய ஒரு பழைய கம்ப்யூட்டர்ல வச்சா அக்காவே பாத்துப்பாங்க சார்."

"வை. அடுத்த சனிக்கிழம பாப்போம்."

சென்னைக்கு ஒரு வாரம் அவகாசம் கேட்டு எழுதினேன். வேறு ஆளை எடுத்துவிட்டதாக இரண்டு வரியில் பதில் வந்தது. யாரிடமும் சொல்லவில்லை. கன்ஸோலை வெளியே மாற்றி வைத்தேன்.

அடுத்த சனிக்கிழமை மதியம் அக்கா எல்லாவற்றையும் நிறுத்தி, எழுப்பினார். என்னைக் கூப்பிடவே இல்லை. சாயங்காலம் முதலாளி சான்றிதழ்களை என் மேசையில் கொண்டுவந்து வைத்தார்.

"எடுத்துக்கிட்டுப் போ பாப்பா. நான் என்ன புடிச்சா வச்சிருந்தன்?"

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எப்பம்மா கெளம்பற?" என்று கேட்டார்.

"எப்பவும்போல திங்கக்கெழம வேலைக்கு வரேன்க்கா," என்றேன்.