கல்பாலமும் மூன்று ஜோடிக் காலணிகளும்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. வெள்ளிக்கிழமை மாலை வேலைக்கான கடிதம் வந்தது. மெல்பனிலிருந்து இரண்டு மணி நேரத் தொலைவில் ஒரு சிறிய ஊர். அங்குள்ள பழைய பாலங்களைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளர் வேலை. திங்கள் மதியத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.
2. கணவர் வேண்டாம் என்றார்.
3. பதில் சொல்லும் முன் ஊரையாவது பார்த்துவிடலாம் என்று சனிக்கிழமை காலை கிளம்பினோம். பக்கத்து வீட்டு அன்ரியும் வந்தார்.
4. பழைய சிறை, தேவாலயம், பாலம் மூன்றையும் பார்த்தோம்.
5. எங்கள் மூவருடைய காலணிகளும் காணாமல் போயின.

இவற்றில் ஐந்தாவது மட்டும் நான் மனதில் போட்டு வைத்திருந்த பட்டியலில் இல்லாதது.

நேர்காணல் திரையிலேயே முடிந்துவிட்டதால் அந்த ஊரை நான் பார்த்ததே இல்லை. கணினியில் பாலங்களை வரைந்து, அவற்றின் மேல் கணினியிலேயே லாரிகளை ஓட்டிப் பார்ப்பதுதான் ஆறு வருடமாக என் வேலை. நான் கணக்கிட்ட எந்தப் பாலத்தின் அடியிலும் நான் நின்றதில்லை. இந்த வேலை வேண்டும் என்பதற்கு அது ஒன்றே எனக்குப் போதுமான காரணம். கணவர் வேண்டாம் என்றதற்குக் காரணம் வேறு.

"இப்ப இருக்கற பொயிண்ட் குக்ல ஜுரம்னா அன்ரி ரசம் கொண்டு வருவாங்க. அங்க யாரு வருவா? ஆடா வரும்?" என்றார் காரை ஓட்டியபடி.

"ஆடு வந்தா நல்லதுதானே தம்பி. கறி காய்ச்சலாம்," என்றார் பின் இருக்கையிலிருந்து அன்ரி. யாழ்ப்பாணத்துக்காரர். முப்பது வருடமாக மெல்பனில் இருந்தும் வேலைக்கும் கேரம் டவுன்ஸ் கோயிலுக்கும் தவிர எங்கும் போனதில்லை என்பது அவருடைய தீராத குறை.

இங்கிலாந்திலிருந்து அந்தக் காலத்தில் இங்கே வந்து இறங்கியவர்கள் தங்கள் ஊரை நினைவிலிருந்தே திரும்பக் கட்டியிருக்கிறார்கள். இலை துளிர்க்கத் தொடங்கிய ஓக் மரங்கள், கூரான கோபுரம், சரிவான தெரு, தெருவின் கடைசியில் ஓடை. மேலே வெள்ளைக் கொண்டைக்கிளிகள் கத்திய கத்தலில்தான் இது வேறு நாடு என்று தெரிந்தது.

சிறை என்பது ஒரே ஓர் அறை. சுவரின் தடிமனை அளக்க வாசலில் கையை நீட்டினேன். தோளிலிருந்து விரல் நுனிவரை கல்தான். உள்ளே சுவரெல்லாம் சொரசொரப்பு, தோள் உயரத்தில் ஒரு பட்டை மட்டும் வழவழப்பு. அடைபட்டவர்கள் சாய்ந்து சாய்ந்து தேய்த்தது என்று புரிந்ததும் கையை எடுத்துவிட்டேன்.

தேவாலயத்தின் கதவு திறந்திருந்தது. வாசலில் அன்ரி நின்று காலணியைக் கழற்றக் குனிந்தார்.

"அன்ரி, இங்கல்லாம் கழட்ட வேண்டாம்," என்றார் கணவர்.

"கடவுள் ஆராயிருந்தா என்ன, சப்பாத்தோடயே உள்ள போறது? கழட்டும் தம்பி."

கழற்றினோம். நான் மூன்று ஜோடிகளையும் சுவரோரம் நேராக அடுக்கி, காலுறைகளை மடித்து உள்ளே வைத்தேன். வீட்டு வாசலில் செய்கிற அதே பழக்கம்.

இங்கே வசந்தம் தொடங்கும் செப்டம்பர் ஆகியும் குளிர் விடவில்லை. கல் தரை பனிக்கட்டியாக இருந்தது. நடுப்பாதையில் நான்கு அடி வைத்ததும் உள்ளங்காலில் ஏதோ தட்டுப்பட்டது. குனிந்து பார்த்தால் தரை தட்டையாகத்தான் தெரிந்தது. காலுக்கு மட்டும் ஒரு குழிவு தெரிந்தது, வாசலிலிருந்து பீடம்வரை, ஆழமில்லாத ஒரு வாய்க்கால் போல. ஞாயிறுதோறும் நடந்தவர்கள், மணமக்கள், சவப்பெட்டி சுமந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து செதுக்கியது. தேய்மானம் என்று அறிக்கைகளில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். அதற்குள் நின்றது அன்றுதான். ஷூவோடு போயிருந்தால் எனக்கு அது தெரிந்தே இருக்காது. மேலே கூரை மரங்கள் கவிழ்த்து வைத்த கப்பல்போல் இருந்தன. நான் அந்தப் பாதையில் திரும்பத் திரும்ப நடந்தேன். எவ்வளவு நேரம் என்று பார்க்கவில்லை.

வெளியே வந்தபோது சுவரோரம் வெறுமையாக இருந்தது.

"பாத்தியா? இதான் உன் ஊரு," என்றார் கணவர்.

கண்டுபிடித்தவர் அன்ரி. பக்கத்திலேயே தேவாலயத்துக்குச் சொந்தமான ஒரு சின்னக் கடை. ஊரார் தானமாகத் தரும் பழைய பொருட்களை விற்பது. கதவில் 'அரை மணியில் திரும்புவேன்' என்ற அட்டை. அன்ரி கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். "பிள்ளை, இஞ்ச வந்து பாரும். என்ர சப்பாத்துக்கு விலை போட்டிருக்கினம்!"

உள்ளே அலமாரித் தட்டில் அன்ரியுடையதும் என்னுடையதும் விலைச்சீட்டோடு இருந்தன. கணவருடையது மட்டும் இல்லை. புது ஷூ அது. அவர் கடை வாசலில் இருந்த பெஞ்சில் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டார்.

பாலம் அங்கிருந்து நூறு அடிதான். வெறுங்காலோடு புல்லில் இறங்கி அதன் அடியில் போய் நின்றேன்.

கருநீலக் கல்லில் ஒற்றை வளைவு. இரும்பு இல்லை, கான்கிரீட் இல்லை. ஒவ்வொரு கல்லும் அடுத்த கல்லைத் தள்ளுகிறது, தள்ளுவதாலேயே எதுவும் விழாமல் நிற்கிறது. இதை முதல் வருடத்திலேயே படித்துத் தேர்வும் எழுதியிருக்கிறேன். ஆனாலும் தலைக்கு மேலே அவ்வளவு எடை தொங்குவதைப் பார்த்தபோது மூச்சை அடக்கிக்கொண்டேன். சில கற்களின் முகத்தில் சின்னச் சின்னக் குறிகள்: ஓர் அம்பு, ஒரு நட்சத்திரம், இரண்டு கோடு. தான் கொத்திய கல் எது என்று காட்டக் கொத்தனார்கள் போட்டுக்கொண்டவை.

அப்போது ஒரு லாரி வந்தது. தானியம் ஏற்றியது, நீளமானது. கம்பளி மூட்டை ஏற்றிய மாட்டு வண்டிகளை நினைத்துக் கட்டிய பாலம் இது. நான் அடித்தளக் கல்லின் மேல் நின்றிருந்தேன். அதிர்வு கல் வழியாக இறங்கி என் பாதத்துக்குள் வந்தது, முழங்கால்வரை ஏறியது, அடங்கியது. மேலிருந்து ஒரு மணல் துகள்கூட உதிரவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கணினித் திரையில் இந்தச் சுமையைச் சிவப்பும் பச்சையுமான வண்ணங்களாகத்தான் பார்த்திருக்கிறேன்.

திரும்பி மேலே ஏறியபோது கடை திறந்திருந்தது. நடத்துபவர் வெள்ளை முடிப் பெண்மணி. விஷயம் தெரிந்ததும் இரு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டார். சனிக்கிழமைகளில் ஊரார் வேண்டாத பொருட்களைத் தேவாலய வாசலில் வைத்துவிட்டுப் போவது வழக்கமாம். இவ்வளவு ஒழுங்காக அடுக்கிவைத்த தானத்தைத் தான் பார்த்ததே இல்லை என்றார். அன்ரி என்னைத் திரும்பிப் பார்த்தார். கணவரின் ஷூவை வாங்கியவர் யார் என்று கடைக்காரப் பெண்மணிக்குத் தெரிந்திருந்தது. உடனே தொலைபேசியில் பேசினார். பேசி முடித்ததும் கணவரை உட்காரவைத்துத் தட்டிலிருந்த கம்பளிக் காலுறை ஒரு ஜோடியைக் கொடுத்து, தேநீரும் போட்டார்.

இருபது நிமிடத்தில் ஒரு பழைய டிரக்கில் அந்த மனிதர் வந்தார். ஷூ ஈரமாக இருந்தது. போட்டுக்கொண்டு ஆட்டுப்பட்டிக்குள் போய்விட்டேன், அப்படியே தர மனம் வரவில்லை, குழாயில் கழுவினேன், மன்னிக்க வேண்டும் என்றார். வாசலில் ஏன் கழற்றினோம் என்று கேட்டார். கணவர் சொன்னார். அந்த மனிதர் அதைக் கேட்டு, தன் அம்மாவும் சேற்றுப் பூட்ஸோடு யாரையும் வீட்டுக்குள் விட்டதில்லை என்றார்.

திரும்பும் வழியில் கணவர் ஈர ஷூவோடுதான் காரை ஓட்டினார்.

"கழுவிக் கொண்டு வந்திருக்கார்," என்றார். "நானா இருந்தா அப்படியே குடுத்திருப்பேன்."

"தம்பிக்கு ஊர் பிடிச்சிட்டுது," என்றார் அன்ரி.

"ஷூ வந்துச்சுன்னுதான் சொன்னேன் அன்ரி."

"ஓம், ஓம். வீடு பாக்கேக்க குசினி பெரிசாப் பாருங்கோ. நான் வந்து நிண்டு ரசம் வைக்க வேணுமெல்லே."

இன்னும் சற்று தூரம் போனதும், "எனக்கு வாரத்துல ரெண்டு நாள் ஆபீஸ் போனாப் போதும். மெல்பனுக்கு ரயில்ல எவ்ளோ நேரம் ஆகும், பாரு," என்றார் கணவர். அதை நான் வெள்ளிக்கிழமையே பார்த்து வைத்திருந்தேன். தெரியாததுபோல் மீண்டும் பார்த்துச் சொன்னேன்.

திங்கள் காலை சம்மதம் என்று பதில் எழுதினேன். நவம்பரில் சேருகிறேன். வீடு இன்னும் அமையவில்லை. பார்த்த இரண்டிலும் சமையலறை சிறியது என்று அன்ரி தள்ளிவிட்டார். கணவரின் ஷூ காய்ந்துவிட்டது, இடதுகால் மட்டும் நடக்கும்போது சத்தம் போடுகிறது. பாலத்தின் மேற்குப் பக்கம் இரண்டு கற்களுக்கு இடையே சுண்ணாம்புச் சாந்து கரைந்திருக்கிறது. என் வேலைப் பட்டியலில் அதுதான் முதலாவது.