முப்பது திரைகளும் உறைந்த காலை

ஒரு பாடத்தில் அரியர் இருந்தாலும் கேம்பஸ் இன்டர்வியூவில் உட்கார விடமாட்டார்கள். தாம்பரத்தைத் தாண்டியிருந்த எங்கள் கல்லூரியில் அதுதான் விதி. நாவலூர் ஐ.டி. கம்பெனிகள் அடுத்த மாதம் வருவதாக நோட்டீஸ் ஒட்டிய வாரத்தில்தான் எங்களுக்கு ஆப்பரேட்டிங் சிஸ்டம் செய்முறைத் தேர்வு வந்தது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு ஒருபோதும் கூச்சம் இருந்ததில்லை. ஆனால் பொழிச்சலூர் வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. லேபில் வாரத்துக்கு மூன்று மணி நேரம், ஒரு மெஷினுக்கு இரண்டு பேர். வேகமாக டைப் அடிப்பவள் கீபோர்டை இழுத்துக்கொள்வாள். எங்கள் ஜோடியில் அது என் பார்ட்னர். அதனால் நான் காகிதத்தில் படித்தேன். அப்பா திருமுடிவாக்கத்துப் பட்டறையிலிருந்து கொண்டுவரும் பழைய டிராயிங் தாள்களின் பின்பக்கம் எனக்கு மெஷின் ஆனது.

ஃபோர்க் என்றொரு கட்டளை உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம், அதாவது ஒரு புராசஸ், தன்னைப் போலவே இன்னொன்றை உண்டாக்கும். பழையது தாய், புதியது குழந்தை. தாய்க்கு ஒரு பெரிய கட்டம் போட்டு, வரி வரியாக விரலை நகர்த்துவேன். குழந்தை வந்தால் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் போட்டு அதன் வரிசை எண்ணை எழுதிவிட்டு, மறுபடி தாயிடம் வந்துவிடுவேன். இப்படி நூறு தடவை போட்டிருப்பேன். ஒரு தடவைகூடத் தப்பு வரவில்லை.

தேர்வன்று ஆளுக்கொரு மெஷின், பக்கத்து மெஷினில் என் பார்ட்னர். கேள்விச் சீட்டு எடுத்தேன். 'ஒரு தாய் பத்துக் குழந்தைகளை உண்டாக்க வேண்டும். ஒவ்வொன்றும் தன் எண்ணை அச்சிட வேண்டும்.' "ஈஸிடீ" என்று சத்தமாகவே சொன்னேன். பத்துச் சுற்று ஓடும்படி லூப் போட்டு, உள்ளே ஃபோர்க்கை வைத்தேன். ஓடும் புரோகிராம்களின் பட்டியலில் எல்லாம் தெரியட்டும் என்று, கடைசியில் முடியாமல் ஐந்து நிமிடம் தூங்கும்படி ஒரு வரி சேர்த்து, என்டரைத் தட்டினேன்.

எண்கள் கொட்டின. பத்தோடு நிற்கவில்லை. திரை நிரம்பி மேலே ஓடியது. பிறகு அப்படியே நின்றது.

"அண்ணா, டைப் பண்ணா ஒண்ணுமே வரல!" முன்வரிசையில் ஒருத்தி லேப் அட்டெண்டரைக் கூப்பிட்டுக் கத்தினாள்.

"என்னோடதும்தான். நான் சேவ்கூடப் பண்ணலடீ, அய்யோ!"

முப்பது மெஷின்களும் ஒரே சர்வரில் ஓடின. சர்வர் அறையிலிருந்து லேப் அட்டெண்டர் அண்ணன் ஓடி வந்தார். "இன்னா பண்ணித் தொலைச்சீங்க? சர்வர் அப்படியே தொங்கிகினு கீது. யாரு வேலை இது?"

எல்லோருக்கும் ஒரே லாகின். யார் என்று அவரால் கண்டுபிடிக்க முடியாது. லேப் பாடம் எடுக்கும் எங்கள் மேடம் நேராக என் பார்ட்னரைப் பார்த்தார். "நீதானே? கண்டதையும் ஓட்டிப் பாக்கறது எப்பவும் நீதானே?"

"மேடம், நான் இன்னும் கம்பைலே பண்ணல மேடம்." என்றாள் பார்ட்னர்.

மதிப்பெண் போட வேறு கல்லூரியிலிருந்து வந்திருந்த எக்ஸ்டர்னல் பேனாவை மூடினார். "யாருன்னு தெரியாம இந்த எக்ஸாமை நான் நடத்த மாட்டேன்."

என் விரல் மானிட்டர் பட்டன்மேல் இருந்தது. அணைத்துவிட்டால் என் திரையில் உறைந்து நின்ற எண்கள் யாருக்கும் தெரியாது. இதை எழுதும்போதும் அந்தப் பட்டனின் வழவழப்பு விரலில் தெரிகிறது. பார்ட்னர் அழ ஆரம்பித்த பிறகுதான் எழுந்தேன்.

"நான்தான் சார்."

"இவளா? ஈஸின்னு அலட்டினாளே!" பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

அட்டெண்டர் அண்ணன் சர்வரை அணைத்துப் போடப் போனார். எக்ஸ்டர்னல் என்னிடம் ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார். "எத்தனை புராசஸ் உண்டாச்சு?"

"தாயோட சேத்துப் பதினொண்ணு சார்."

"பதினொண்ணுக்கு சர்வர் படுத்துடுமா? போட்டுக் காட்டு."

தாயின் கட்டத்தைப் போட்டேன். பக்கத்தில் முதல் குழந்தை. வழக்கம்போல விரல் தாயிடம் திரும்பப் பார்த்தது. நிறுத்தி, குழந்தையின்மேல் வைத்தேன். அதுவும் அதே லூப்புக்குள்தான் நின்றது. அதுவும் அடுத்த சுற்றுக்குப் போகும், அதுவும் ஃபோர்க் செய்யும். இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு. ஐந்தாவது சுற்றில் தாளில் இடமில்லை. மீதியைப் பெருக்கினேன்.

"ஆயிரத்து இருபத்துநாலு சார்."

"இதை முன்னாடி ஓட்டிப் பாக்கவே இல்லையா?"

"பேப்பர்ல பாத்தேன் சார்."

அவர் சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கடிகாரத்தைத்தான் பார்த்தார். "எல்லாருக்கும் அரை மணி எக்ஸ்ட்ரா தர்றேன். உன்னோடது சரியா ஓடலைன்னா ஃபெயில்தான்."

சர்வர் எழுந்தது. குழந்தை தன் எண்ணை அச்சிட்டதும் அங்கேயே வெளியேறிவிட ஒரே ஒரு வரி சேர்த்தேன். அதை நான்கு முறை படித்தேன். தாளிலும் போட்டேன், இந்த முறை எல்லாக் கட்டத்துக்குள்ளும் விரலை வைத்து.

"எல்லாரும் சேவ் பண்ணிக்கோங்கடீ, அவ ரன் பண்ணப்போறா!"

லேப் முழுக்கக் கீபோர்டுகள் படபடத்தன. பிறகு சத்தமே இல்லை. அட்டெண்டர் அண்ணன் சர்வர் சுவிட்ச் பக்கத்தில் கையை வைத்துக்கொண்டு, "ம், அடிம்மா" என்றார்.

அடித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. பத்து வரை வந்தது. பதினொன்றாவதுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். வரவில்லை. பக்கத்துத் திரையில் கர்சர் உறையாமல் மின்னிக்கொண்டிருந்தது.

முடிவு வந்தபோது வகுப்பிலேயே குறைந்த மதிப்பெண் எனக்குத்தான். பாஸ் என்றால் பாஸ்தான். இன்டர்வியூவுக்குப் போகலாம் என்று ஒட்டிய பட்டியலில் என் பதிவு எண்ணை விரல் வைத்துப் பார்த்துவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.