வெள்ளிக்கிழமைக்கு நாலு பூச்சட்டை

எங்கள் தீவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததிலிருந்து தெருவில் பாதிப் பேர் ஆக்லாந்து போய்விட்டார்கள். மருமகனும் அங்கே குடியேற விண்ணப்பம் வாங்கி வைத்திருக்கிறார். போகிறீர்களா என்று மகளிடம் கேட்க எனக்குத் தைரியமில்லை.

பிரசவ விடுப்பு முடிந்து திங்கட்கிழமை அவள் ஆபீஸ் போகிறாள். பழைய சட்டை எதிலும் பொத்தான் எட்டவில்லை. இங்கே வெள்ளிக்கிழமைகளில் எல்லாரும் ஆபீசுக்குப் புலா என்ற பூச்சட்டைதான் போடுவார்கள்.

இன்று நகாசி ஊர்த் துணிக்கடையில், கைக்குழந்தையோடு வந்த மகளிடம் நானே ஆக்லாந்துக் குளிர் தாங்கும் கெட்டித் துணியை எடுத்து நீட்டினேன்.

"இது எதுக்கும்மா? பூப்போட்ட புலாத் துணி எடு. வெள்ளிக்கிழமை ஆபீசுக்கு நாலு சட்டை தச்சுக் குடு."

"நாலா? எத்தன நாளைக்குடி?"

"கிழியிற வரைக்கும். முன்னால பொத்தான் வை, மத்தியானம் வந்து பிள்ளைக்குப் பால் குடுக்கணும்."

கடை என்றும் பார்க்காமல் பேத்தியை முத்தமிட்டேன்.

ஆக்லாந்து சொந்தக்காரர்களே, அங்கே வெள்ளிக்கிழமை ஆபீசுக்குப் பூச்சட்டை போட விடுகிறார்களா? சும்மா கேட்கிறேன்.