டெல் செய்வதற்கு நேர் எதிர்

வெர்னா கிம்பாலுக்கு ஐம்பத்து மூன்று வயதில் படிப்பு ஆசை வந்துவிட்டது என்று ஊரில் சிலர் சொல்லித் திரிந்தார்கள். ஆசையாவது மண்ணாவது. அவளுக்கு வந்தது வஞ்சம். ஓஹையோவில் வீடு விற்க உரிமம் வேண்டும், உரிமத்துக்கு மாநிலப் பரீட்சை எழுத வேண்டும், அதனால்தான் புத்தகத்தைத் தொட்டாள்.

பதினோரு வருஷம் டெல் ஸ்ட்ராடின் வீட்டுத் தரகு அலுவலகத்தில் மாடாய் உழைத்தவள் அவள். தொலைபேசி எடுப்பாள், தாள்களை அடுக்குவாள், வீடு பார்க்க ஆட்கள் வருமுன் ஓடிப்போய் அந்த வீட்டு அடுப்பில் பிஸ்கட் சுட்டு வாசனை கிளப்புவாள். அக்டோபர் வந்தால் விளம்பரத்துக்காக ஊரில் இருநூறு வாசற்படிகளில் படிக்கொரு பூசணிக்காய், காம்பில் டெல்லின் முகம் போட்ட அட்டை. கட்டுவது வெர்னா, பேர் டெல்லுக்கு. அவன் அலுவலக ஜன்னலுக்கு நேர் எதிரே இருக்கும் பேருந்து நிறுத்தத்துப் பெஞ்சின் முதுகிலும் அதே முகம்தான் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கும்.

அவள் அம்மா இடுப்பெலும்பு முறிந்து முதியோர் இல்லம் போக வேண்டி வந்தபோது, அம்மாவின் மேப்பிள் தெரு வீட்டை விற்கும் வேலையை வெர்னா டெல்லிடம்தான் கொடுத்தாள்.

"கூரை போச்சு கண்ணு, அஸ்திவாரத்துல விரிசல் வேற," என்றான் டெல். "யாரும் வாங்க மாட்டாங்க. ஒரு கம்பெனி பாதி விலைக்குக் கேக்குது. பேசாம குடுத்துடு."

கொடுத்தாள். அந்தப் பணம் ஒன்பது மாதம்தான் தாங்கியது. பிறகு அம்மாவை நாற்பது மைல் தள்ளி, மூத்திர நாற்றமடிக்கும் மலிவான இல்லம் ஒன்றுக்கு மாற்ற வேண்டியதாயிற்று. "எப்ப வெர்னா, நம்ம வீட்டுக்குப் போவோம்?" என்று கேட்டுக்கேட்டே அந்த மனுஷி அங்கே செத்துப் போனாள்.

இந்த மார்ச்சில் டெல் மனைவியோடு ஃபுளோரிடாவில் வெயில் காய்ந்துகொண்டிருந்தான். காரின் காப்பீட்டுத் தாள் அவசரமாக வேண்டும், என் இழுப்பறையைத் திற என்று தொலைபேசியில் சொன்னான். அதுவரை அந்த இழுப்பறையை அவன் யாரையும் தொட விட்டதில்லை. காப்பீட்டுத் தாளுக்கு அடியில் மேப்பிள் தெரு வீட்டின் கோப்பு கிடந்தது. வாங்கிய கம்பெனியின் முதலாளி டெல் ஸ்ட்ராட். சுவருக்கு ஒரு பூச்சு அடித்து, நாலே மாதத்தில் முழு விலைக்கு விற்றிருந்தான். கூரையைத் தொடக்கூட இல்லை.

அவன் திரும்பி வந்ததும் வெர்னா கோப்பை மேஜையில் போட்டாள். "இது என்னங்க டெல்?"

அவன் அசையவில்லை. "வியாபாரம் கண்ணு. உனக்கு லைசென்ஸ் இல்ல. இதெல்லாம் உனக்குப் புரியாது."

கோப்பை அவன் இழுப்பறையில் போட்டுப் பூட்டினான். வெர்னா அலுவலகச் சாவியை மேஜையில் வைத்துவிட்டு வெளியே வந்தாள். பிரதி எடுத்து வைக்காமல் போனோமே என்று வீட்டுக்குப் போய்த்தான் தலையில் அடித்துக்கொண்டாள்.

ஊரின் மறுகோடியில் இரண்டே மேஜை போட்டுத் தரகு நடத்துபவள் நடீன் பிரெவிட். பரீட்சையில் பாஸ் செய்தால் வெர்னாவைத் தன் பெயருக்குக் கீழே சேர்த்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டாள்.

"பழிவாங்கவா வர்ற?" என்று கேட்டாள் நடீன்.

"ஆமா."

"நல்லதா போச்சு. காசுக்காக வர்றதுங்க ரெண்டு மாசத்துல ஓடிடுதுங்க."

அடுக்களை மேஜையில் படிப்பு நடந்தது. ஃப்ரிட்ஜில் டெல்லின் படம் போட்ட காந்த வில்லை ஒன்று இருந்தது. அதை அவள் எறியவில்லை. பாட அட்டைகளை அதற்கடியில் செருகிவைத்து, அந்த மூஞ்சியைப் பார்த்தே ஒப்பித்தாள். ஆகஸ்டில் பதினாலாம் பாடம் வந்தது. தரகரே வீட்டை வாங்குவதானால், விற்பவரிடம் அதை எழுத்தில் சொல்லியாக வேண்டும் என்றிருந்தது. மூன்று தடவை படித்தாள். அன்றைக்கே மாநில அலுவலகத்துக்குப் புகார் எழுதினாள்.

பதில் வந்தது. மூன்று வருஷத்துக்குள் புகார் செய்திருக்க வேண்டும்; மேப்பிள் தெரு வீடு விற்று மூன்று வருஷம் இரண்டு மாதம் ஆகிறது. கோப்பைக் கண்ட மார்ச்சிலேயே எழுதியிருந்தால் செல்லுபடியாகியிருக்கும். உனக்குப் புரியாது என்று அவன் சொன்னதை நம்பி வாயை மூடிக்கொண்டிருந்தாளே, அதை நினைத்துத்தான் அவளுக்கு வயிறெரிந்தது. கடிதத்தையும் டெல்லின் மூஞ்சிக்கடியில் செருகினாள்.

அப்போதுதான் பெஞ்சு நினைவுக்கு வந்தது. பெஞ்சு விளம்பரத்தை வருஷாவருஷம் அக்டோபரில் புதுப்பிக்க வேண்டும். பதினோரு வருஷமும் புதுப்பித்தவள் அவள்தான். அப்படியொரு வேலை இருப்பதே டெல்லுக்குத் தெரியாது. பெஞ்சுகளில் விளம்பரப் பலகை மாட்டும் லைலைத் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"டெல்லுக்கு ரெண்டு லெட்டர் போட்டேன், பதிலே இல்ல," என்றான் லைல். "அக்டோபர் கடைசிக்குள்ள வரலைன்னா முதல்ல கேக்கறவங்களுக்குத்தான். ஆனா லைசென்ஸ் இல்லாதவங்க மூஞ்சிய நான் போட முடியாதுங்க."

அக்டோபர் முப்பத்தொன்றுக்குள் உரிமம் வேண்டும். செப்டம்பரில் பரீட்சை எழுதினாள். இரண்டு மதிப்பெண்ணில் போயிற்று.

நடீன் அவளை உட்காரவைத்துக் கேள்வி கேட்டாள். "ஒரே வீட்டுக்கு ரெண்டு பேர் விலை சொல்றாங்க. என்ன செய்யணும்?"

"நமக்கு வேண்டியவர் சொன்ன விலைய மட்டும் காட்டணும்."

"கூரை ஒழுகுதுன்னு விக்கறவர் சொல்றார்."

"வெயில் நாளா பாத்து வீட்டக் காட்டணும்."

நடீன் இருமல் வரும்வரை சிரித்தாள். "அடிப்பாவி, உனக்கு ஒண்ணும் தெரியாம ஃபெயிலாகல. டெல்லுக்குத் தெரிஞ்சதெல்லாம் உனக்கும் தெரிஞ்சிருக்கு. அவன் செய்யற இத எல்லாம் புகாரா எழுதிப் போட்டா என்ன?"

"ஆதாரம் ஏது? எல்லாம் வாயாலதான் சொல்லுவான்."

தோற்ற சேதி டெல்லின் காதுக்கும் போயிற்று. மறுவாரம் அவள் வாசலில் ஒரு பூசணிக்காய். அட்டையை யாரோ அரைகுறையாகக் கட்டியிருந்தார்கள். "கதவு திறந்தே இருக்கு கண்ணு. பூசணி கட்ட ஆள் இல்ல," என்று அவன் கையெழுத்தில் எழுதியிருந்தது. வெர்னா பூசணியை நறுக்கி சூப் வைத்து, மிச்சம் வைக்காமல் குடித்தாள். பிறகு புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து திறந்தாள்.

இரண்டாம் தடவை ஒரே ஒரு வழி வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு கேள்விக்கும், இந்த இடத்தில் டெல் என்ன செய்வான் என்று பார்த்தாள். அந்த விடையை முதலில் ஒதுக்கினாள். மிச்சத்தில் எது டெல்லுக்கு நஷ்டமோ அதைக் குறித்தாள். பாஸ். அதுவும் சும்மா இல்லை, கண்காணிப்பாளர் மதிப்பெண் தாளைக் கொடுக்கும்போது புருவத்தைத் தூக்கிப் பார்க்கும்படி. முப்பதாம் தேதி மாலை உரிமம் நடீனின் கணினியில் வந்து விழுந்தது.

நவம்பர் முதல் தேதி காலையில் லைல் பழைய பலகையைக் கழற்றிவிட்டுப் புதியதை முடுக்கினான். டெல் காபிக் கோப்பையோடு தெருவைத் தாண்டி ஓடி வந்தான். பலகையிலிருந்த படத்தில் வெர்னா மேப்பிள் தெரு வீட்டின் முன் நின்றிருந்தாள். தலைக்கு மேலே அதே பழைய கூரை, முழுசாக. "உங்கள் வீட்டை வாங்குவது யார்? கேட்டுவிட்டு விற்கவும்," என்று கீழே எழுதி, நடீன் அலுவலகத்தின் பெயரும் எண்ணும் போட்டிருந்தது.

"எவ்வளவு வேணும், சொல்லு," என்றான் டெல். "பெஞ்ச எனக்கே குடுத்துடு."

"இது எதுக்கு உனக்கு?" என்றாள் வெர்னா. பதினோரு வருஷத்தில் அவனை நீ என்றது அதுதான் முதல் தடவை. "பலகை இத்துப்போச்சு டெல். கால் வேற ஆடுது. இத யாரும் வாங்க மாட்டாங்க."

அவன் முகம் சிவந்தது. லைல் குனிந்து, இறுக்கிய திருகாணியையே மறுபடி இறுக்கினான். டெல் உள்ளே போய் ஜன்னல் திரையை இழுத்துவிட்டான். வெர்னாவுக்கு நெஞ்சு குளிர்ந்தது. ஆனாலும் போதவில்லை. அம்மா வீட்டுக்குப் போகவில்லையே.

மத்தியானம் நடீனின் அலுவலகத்தில் தொலைபேசி அடித்தது. வயதான ஆண் குரல்.

"பெஞ்சுல பாத்தேன்மா. எங்க வீட்டுக்கும் கூரை போச்சுன்னுதான் டெல் சொன்னாரு. ஏதோ கம்பெனிக்கு வித்துக் குடுத்தாரு. யாருன்னு நாங்க கேக்கவே இல்ல."

வெர்னா எழுந்து நின்றுவிட்டாள். "எப்ப வித்தீங்க?"

"மே மாசம்."

"எந்த வருஷம் மே?"

"இந்த வருஷந்தாம்மா. பத்திரம் எல்லாம் எங்கிட்டயே இருக்கு."

வெர்னா உட்கார்ந்து, மேஜையிலிருந்து புகார்ப் படிவம் ஒன்றை எடுத்தாள். "உங்க முழுப் பேரச் சொல்லுங்க ஐயா," என்றாள். "நிதானமா, ஒவ்வொரு எழுத்தா சொல்லுங்க."