பச்சைச் சாற்றின் பக்கத்தில் ஒரு சிவப்பு விளக்கு

எங்கள் தீவின் சுதந்திரத்துக்கு நாலைந்து வருடம் முன்பு, கரும்பு ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் நானும் என் அக்காள் கணவரும் தற்காலிக உதவியாளர்கள். இருவரில் ஒருவரைத்தான் நிரந்தரமாக்குவார்கள். போ பசான் ஊரில் அத்தான் வேலை பார்த்த போட்டோ ஸ்டுடியோவை மூடிவிட்டதால், அக்காள் கெஞ்சிக் கேட்க, அவருக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே நான்தான். வந்த மூன்றே மாதத்தில் கூடத்துத் தலைவரான துரைக்குச் செல்லப்பிள்ளை ஆகிவிட்டார். எனக்கு வயிறு எரிந்தது.

கரும்பிலையை அரைத்து ஸ்பிரிட்டில் பச்சையைப் பிரித்தெடுப்போம். அதில் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்தால், பச்சையின் நுண்துகள்கள் யாரும் அடுக்காமலே தாமாக ஒட்டிக்கொண்டு நிற்கும். ஒன்றின்மேல் விழுந்த வெளிச்சத்தைப் பக்கத்திலிருப்பதற்குக் கைமாற்றிவிடும். எவ்வளவு மாற்றுகிறது என்று துரை அளப்பார். அதுவரை சாறு இருட்டறையில் இருக்க வேண்டும். மங்கலான பச்சை விளக்கு மட்டும் எரியலாம். பச்சை வெளிச்சம் அதை அவ்வளவாகத் தொடாது. சிவப்பென்றால் விழுங்கிவிட்டுக் கெட்டுப்போகும். இதை அத்தானுக்குச் சொல்லிவைக்கும்படி துரை என்னிடம்தான் சொன்னார். நான் சொல்லவில்லை.

துரை வெளியே போயிருந்த ஒரு நாள் பச்சை விளக்கு பியூஸ் போயிற்று. அத்தான் என்னிடம் வந்தார்.

"மச்சான், பச்சை லாம்புல் போயிடுச்சு. சிவப்பு பல்பு ஒண்ணு இருக்கு, மாட்டிடவா?"

போட்டோ இருட்டறையில் சிவப்பை நம்பியே காலம் தள்ளிய மனிதர்.

"உங்களுக்குத் தெரியாததா, அத்தான்?" என்றேன்.

அவருக்குப் பெருமை தாங்கவில்லை. விளக்கைக் குடுவைகளுக்குப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு, சாப்பிடக்கூட எழுந்திருக்காமல் நாள் முழுக்கத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டார். மூன்று வார உழைப்பு பழுப்பாகிக்கொண்டிருந்தது. அந்தச் சிவப்பு வெளிச்சத்தில் அவருக்கு நிறம் தெரியவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன்.

மறுநாள் துரை, விளக்கு விஷயத்தை அத்தானிடம் சொன்னாயா என்று கேட்டபோது, "நீங்கள் சொன்ன அன்றைக்கே சொல்லிவிட்டேன்" என்றேன். அத்தான் என் முகத்தைப் பார்த்தார். மத்தியானமே அவரை அனுப்பிவிட்டார்கள். ரிவியேர் டு ராம்பார் பக்கம் கரும்பு வெட்டப் போனார். என்னை நிரந்தரமாக்கினார்கள்.

சில வாரம் கழித்து அக்காள் வந்தாள்.

"உன்னைக் கேட்டுட்டுத்தான் மாட்டினாராமே, தம்பி?"

"பொய் சொல்றாரு."

அக்காள் என்னைத்தான் நம்பினாள். "வேலையைத் தொலைச்சதைப் பொறுத்துக்கிட்டேன். உம்மேல பழி வேற போடுறாரா?" என்று அழுதாள். அந்த வாரமே பிள்ளைகளோடு என் வீட்டுக்கு வந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை அத்தான் அழைத்துப்போக வந்தார். கதவைத் திறந்து, "அவ வரமாட்டா" என்று சொல்லி அனுப்பியவனும் நான்தான்.