கண்ணில் படாத பிரிண்டர்

தம்பிக்காரன் சின்ன வயதிலேயே அக்காவுக்கு வைத்த பட்டப்பெயர் குற்றப்பத்திரிகை. பெயருக்கேற்ற பிழைப்பும் அமைந்துவிட்டது. புத்தகம் அச்சுக்குப் போகும்முன் பிழை பார்த்துக் கொடுப்பதுதான் அவள் தொழில். ஆனால் எழுத்து தாளில் இருக்க வேண்டும். கணினித் திரையில் படித்தால் பிழையெல்லாம் நல்ல பிள்ளை மாதிரி கைகட்டி நின்றுவிடும். தாளில் இறக்கி, வரிக்கு அடியில் ஸ்கேலை வைத்து, சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தால்தான் ஒவ்வொன்றாகப் பிடிபடும்.

கட்டியவனோடு இனிக் குப்பைகொட்ட முடியாது என்று அவள் தம்பி வீட்டுக்கு வந்து மாதக்கணக்கில் ஆகிறது. ஒரு வாரம் இருந்துவிட்டுப் போகிறேன் என்று சொல்லித்தான் வந்தாள். அந்த வாரம் நீண்டுகொண்டே போனது. எப்போது கிளம்புகிறாய் என்று யாரும் கேட்கவில்லை. இரு என்றும் யாரும் சொல்லவில்லை. இந்த வீட்டில் தனக்கு இடம் இருக்கிறதா இல்லையா என்பதை ஒவ்வொருவர் முகத்திலும் தேடித் தேடியே அவளுக்குத் தூக்கம் கெட்டது.

தம்பியின் அறையில் ஒரு பிரிண்டர் உண்டு. அதைக் கேட்க வாய் வராமல், இத்தனை நாளும் தெருமுனை ஜெராக்ஸ் கடையில்தான் தாள் எடுத்தாள். இன்றைக்குப் பார்த்துக் கடை பூட்டிக் கிடந்தது. மாலைக்குள் திருத்தி அனுப்ப வேண்டிய அத்தியாயம் கையில். பதிப்பகமோ புதிது. வேறு வழியில்லாமல் தம்பிக்குப் போன் போட்டாள். அவனுக்குப் பேருந்துப் பணிமனையில் வேலை.

"அக்கா, வயரெல்லாம் வேணாம். வைஃபையிலயே வந்துடும். சும்மா பிரிண்ட் குடு, போதும்" என்று சொல்லி வைத்துவிட்டான்.

சும்மா கொடுத்தாள். மடிக்கணினி அப்படி ஒரு பிரிண்டரே இல்லை என்றது. பிரிண்டரை அணைத்துப் போட்டாள். செருப்பு அலமாரிக்கு மேலே கண்சிமிட்டிக்கொண்டிருந்த வைஃபை பெட்டியை அணைத்துப் போட்டாள். மடிக்கணினியையும் அணைத்துப் போட்டாள். இணையத்தில் ஒருவர் சொல்லிக்கொடுத்தபடி, பிரிண்டரின் குட்டித் திரையில் இருந்த எண்ணைப் பார்த்துத் தானே பதிந்தாள். இப்போது பெயர் வந்தது, உயிர் வரவில்லை. சோதித்துப் பார்க்க முதல் பக்கத்துக்கு மட்டும் மறுபடி பிரிண்ட் கொடுத்தாள். மறுபடியும் கொடுத்தாள். லிப்ட் வராத ஆத்திரத்தில் பொத்தானைக் குத்துகிறவர்கள் மாதிரி கொடுத்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பிரிண்டரின் பக்கத்திலேயே வைத்தாள். இரண்டும் மூக்கோடு மூக்கு உரசிக்கொண்டு நின்றன, பேச்சுவார்த்தைதான் இல்லை.

பிரிண்டரின் தட்டில் தம்பி மனைவி நேற்று எடுத்த ஷிப்ட் அட்டவணை கிடந்தது. அவள் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறவள். அவளுக்கு மட்டும் போனிலிருந்தே தாள் வருகிறது. அவளுக்கு வருவது எனக்கு ஏன் வரவில்லை? அக்காக்காரியின் மனம் போக வேண்டாத இடத்துக்கெல்லாம் போனது. இரண்டு அறைக்கும் நடுவே குட்டி போட்ட பூனையாய் நடந்தாள்.

பொறுக்க முடியாமல் நெட் கம்பெனியின் உதவி எண்ணைக் கூப்பிட்டாள். எடுத்தவன் பொறுமைசாலி.

"மேடம், உங்க வீட்டுல ரெண்டு வைஃபை பேரு காட்டும். நீங்க எதுல இருக்கீங்க?"

"மாடிவீடு ரெண்டுன்னு போட்டிருக்கு."

"அதான் விஷயம். பிரிண்டர் வெறும் மாடிவீடுங்கற பேருல இருக்கும். ரெண்டுங்கிறது வெளியாளுங்களுக்குன்னு தனியா விடுறது மேடம். நெட் மட்டும் வரும். வீட்டுக்குள்ள இருக்கற பிரிண்டர், டிவி எதையும் கண்ணுல காட்டாது. யாராவது வந்தா போனா குடுப்பாங்கல்ல, அதுக்கு. வீட்டோட பாஸ்வேர்டு போடுங்க, வந்துடும்."

நன்றி சொன்னாளா இல்லையா என்று அவளுக்கே நினைவில்லை. வெளியாள். வந்தால் போனால். கூடப் பிறந்தவன் வீட்டில் இத்தனை நாளும் தன்னை எந்தக் கணக்கில் வைத்திருந்தார்கள் என்பது இன்றைக்குத் தெரிந்துவிட்டது. எங்கே போவது என்று யோசித்தாள். போக ஓர் இடமும் தோன்றவில்லை. அதுதான் இன்னும் வலித்தது.

தம்பி மனைவி வேலை முடிந்து வந்தாள். அவளைச் செருப்பைக் கழற்றக்கூட அக்காக்காரி விடவில்லை.

"என்னை வெளியாளாதான் வச்சிருக்கீங்க, இல்ல?"

"என்ன அண்ணி சொல்றீங்க?"

அக்காக்காரி விஷயத்தைக் கொட்டினாள். பிரிண்டரில் ஆரம்பித்து, ஒரு டம்ளரைக் கழுவப் போனால்கூட அதைத் தன் கையிலிருந்து அவள் வாங்கிக்கொள்வது வரைக்கும் குற்றப்பத்திரிகை முழுதாக வாசிக்கப்பட்டது. தம்பி மனைவி பையைத் தோளிலிருந்து இறக்காமலே கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு அவளுக்கும் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"அதை நீங்கதானே கேட்டு வாங்கினீங்க? உங்க தம்பி வீட்டோடதைத்தான் போட வந்தாரு. 'நான் ஒரு வாரத்துல போறவ, எனக்கு எதுக்குடா அது? வர்றவங்களுக்குக் குடுக்கறதைக் குடு'ன்னு சொன்னது யாரு?"

சொன்னது அக்காக்காரிதான். வந்த அன்றைக்கு, கூடத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டுதான் சொன்னாள். ஊரார் பிழையெல்லாம் கண்ணில் படும், தன் பிழை மட்டும் இத்தனை நாளும் படவில்லை. ஆனாலும் சட்டென்று இறங்கிவர மனசு ஒப்பவில்லை.

"அது அன்னைக்கு."

"இன்னைக்கு மட்டும் என்னவாம்? நேத்துகூட அடுத்த வாரம் கிளம்பிடுவேன்னு சொன்னீங்க. அந்த ஆளு போன் பண்ணா பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கிறீங்க. வெளிய வந்து, அவர்கிட்டயே திரும்பப் போறேன்னு சொல்லிடுவீங்களோன்னு நான் அந்தக் கதவையே பார்த்துக்கிட்டு நிக்கிறேன். உங்க தம்பி அன்னைக்கெல்லாம் சரியா சாப்பிடறதுகூட இல்ல."

"ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருக்கலாமில்ல?"

"கேட்டா? 'எப்போ கிளம்புவேன்னு கேக்கறா பாரு'ன்னு அதுக்கும் ஒரு சிவப்பு மை போடுவீங்க. உங்களைத் தெரியாதா?"

இருவரும் மூச்சு வாங்க நின்றார்கள். தம்பி மனைவி விறுவிறுவென்று பிரிண்டர் இருந்த அறைக்குள் போய், பையைத் தொப்பென்று போட்டுவிட்டு, மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள். அக்காக்காரியும் பின்னாலேயே வந்தாள்.

"இப்போ சொல்லுங்க அண்ணி. வீட்டோடதைப் போடவா, வேணாமா? இருக்கீங்களா, போறீங்களா?"

இந்தக் கேள்விக்குப் பயந்துதான் இத்தனை நாளும் அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று அக்காக்காரி சொல்லிவந்தாள். போகிறவள் என்று தானே சொல்லிக்கொண்டால் யாரும் போ என்று சொல்ல முடியாது அல்லவா?

"போகல" என்றாள். "அந்த ஆளோட இனிமே வாழமாட்டேன். இங்கயேதான் இருக்கப்போறேன்."

சொன்ன பிறகுதான் பயமே வந்தது. இனி இதைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியாது. அவளும் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். தம்பி மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு கடகடவென்று பாஸ்வேர்டைத் தட்டினாள்.

பிரிண்டர் ஒரு முறை உறுமியது. ஒரு தாள் வந்தது. பின்னாலேயே இன்னொன்று. அதுவும் அதே முதல் பக்கம். அடுத்ததும் அதே. காலையிலிருந்து அக்காக்காரி அழுத்திய அழுத்தெல்லாம் உள்ளே வரிசை கட்டி நின்றிருந்தது போலிருக்கிறது.

"அய்யோ அண்ணி, எத்தனை தடவை அழுத்தினீங்க?"

"அது கேக்கலைன்னா நான் என்ன பண்றது?"

நிறுத்தும் பொத்தானைத் தேடி இருவரும் முட்டிக்கொண்டார்கள். ஒருவழியாக அது அடங்கியதும், தம்பி மனைவி கணவனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"உங்கக்கா உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுமாம்."

"டேய், நான் எங்கயும் போகலடா. இங்கயே இருந்துடறேன்" என்றாள் அக்காக்காரி.

அந்தப் பக்கம் பேருந்துகளின் ஹாரன் சத்தத்துக்கு நடுவே அவன் குரல் உயர்ந்தது.

"நிஜமாவா?"

"நிஜமாத்தான்."

தம்பிக்காரன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"சரி. அப்போ நாளையிலேருந்து குப்பைத்தொட்டியைக் கீழ கொண்டுபோய் வைக்கிற வேலை உன்னோடது. எத்தனை நாளைக்குத்தான் நானே தூக்குறது?"

போடா என்று சொல்லத்தான் அவள் வாயைத் திறந்தாள். வந்தது அழுகை. குலுங்கிக் குலுங்கி அவள் அழ, தம்பி மனைவி போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள்.

"சரின்னுட்டாங்க" என்றாள்.